வாசகர் கேள்வி–பதில்: கொதிக்கும் அண்டாவுக்குள் ஒரு செம்புச் சுருள்

வீட்டில் பியர் தயாரிக்கும் வாசகர்கள் இந்த மாதம் அனுப்பிய கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன. கொதித்து முடிந்த மால்ட் (முளைகட்டிய பார்லி) சாற்றை, அதாவது வோர்ட்டை, அதிகச் செலவில்லாமல் எப்படி விரைவாகக் குளிர்விப்பது? அவற்றிலிருந்து சில கடிதங்களுக்கு இங்கே பதில் தருகிறோம்.

டாலஸ், டெக்சாஸ் வாசகர்: ஐயா, வீட்டின் பின்புறத்தில் கேஸ் அடுப்பு வைத்து ஐந்து கேலன் அளவில் பியர் தயாரித்து வருகிறேன். கொதித்த அண்டாவைத் தூக்கிச் சென்று குளியல் தொட்டியில் ஐஸ்கட்டிகளுக்கு நடுவே இறக்கி வைக்கிறேன். சாறு ஆறுவதற்கு இரண்டு மணி நேரம் பிடிக்கிறது, முதுகும் வலிக்கிறது. சொந்தமாக ஒரு சில்லர் செய்துகொள்ள என்ன வாங்க வேண்டும், குழாயை எப்படி வளைக்க வேண்டும்?

பதில்: ஏறக்குறைய இருபது லிட்டர் கொதிக்கும் திரவத்தைக் கையில் ஏந்திக்கொண்டு வீட்டுக்குள் நடப்பதை முதலில் நிறுத்திவிடுங்கள். அந்தச் சாற்றில் சர்க்கரை இருப்பதால், மேலே பட்டால் வெறும் வெந்நீரைவிட அதிகமாக ஒட்டிக்கொண்டு சுடும். சில்லர் என்பது பெரிய சூத்திரம் ஒன்றுமில்லை. சுருட்டிய ஒரு செம்புக் குழாயைச் சாற்றுக்குள் மூழ்க வைத்து, அதன் உள்ளே குழாய்த் தண்ணீரை ஓடவிட்டால், அந்தத் தண்ணீர் வெப்பத்தை வாங்கிக்கொண்டு மறுமுனை வழியாக வெளியேறிவிடும். அண்டா அடுப்பைவிட்டு நகர வேண்டியதில்லை.

கடையில் குளிர்சாதன வேலைகளுக்கென்று வட்டமாகச் சுற்றி விற்கும் மென்செம்புக் குழாயைக் கேளுங்கள். நேராக நிறுத்தி வைத்திருக்கும் கடினச் செம்புக் குழாய் கைக்கு வளையாது. வற்புறுத்தினால் மடங்கி நசுங்கிவிடும். வெளிவிட்டம் 3/8 அங்குலமும் நீளம் 25 அடியும் இருந்தால் ஐந்து கேலனுக்குப் போதும். குளிர்சாதனக் குழாயை வெளிவிட்டத்தாலும், தண்ணீர்க் குழாயைப் பெயரளவு விட்டத்தாலும் அளந்து விற்பது அமெரிக்க வழக்கம் என்பதால், இரண்டு அடுக்குகளையும் கலந்து பார்த்துக் குழம்ப வேண்டாம். பழைய ஏசியிலிருந்து கழற்றிய குழாயைச் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள். அதன் உட்புறம் முழுவதும் கம்ப்ரஸர் எண்ணெய் படிந்திருக்கும். செம்பின் விலை ஏறியிருக்கும் காலங்களில் தயாராக விற்கும் சில்லரின் விலையும் வெறும் குழாயின் விலையும் நெருங்கி வந்துவிடுவதுண்டு. ஆகவே வாங்குவதற்கு முன் இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் சொற்பமாக இருந்தால் தயாராக இருப்பதையே வாங்கிக்கொள்வதில் குறை ஒன்றுமில்லை.

50 அடி இருந்தால் இன்னும் வேகமாகக் குளிருமே என்று நினைப்பீர்கள். குளிரும், ஆனால் அவ்வளவு குழாய் சாற்றுக்குள் அடங்குமா என்று முதலில் கணக்குப் பார்க்க வேண்டும். 14 அங்குல விட்டமுள்ள அண்டாவில் 19 லிட்டர் சாறு எட்டு அங்குல உயரத்துக்குக்கூட நிற்காது. 9 அங்குல விட்டத்தில் ஒரு சுற்றுச் சுற்ற ஏறக்குறைய 2.4 அடி குழாய் செலவாகும். 25 அடிக் குழாயில் மேலே ஏறும் இரண்டு கால்களுக்கு ஐந்து அடியை ஒதுக்கிவிட்டால் எட்டுச் சுற்றுகள் கிடைக்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் இடையே ஒரு குழாயின் பருமன் அளவு இடைவெளி விட்டால் மொத்த உயரம் ஆறு அங்குலம், அதாவது முழுதும் சாற்றுக்குள் மூழ்கியிருக்கும். 50 அடிக் குழாயையும் அதே போல ஒற்றைச் சுருளாகச் சுற்றினால் மேற்பாதி சாற்றுக்கு மேலே காற்றில்தான் நிற்கும். அந்த நீளம் கட்டாயம் வேண்டுமென்றால் 10 அங்குல வெளிச்சுருளும் அதற்குள் 6 அங்குல உள்சுருளுமாக இரட்டையாகச் சுற்றிக்கொள்ளுங்கள்.

சுற்றுவதற்கு 9 அங்குல அளவில் உருளையான எதையாவது எடுத்துக்கொள்ளலாம். பலர் கையில் ஏற்கெனவே இருக்கும் கார்னி கெக் (பியரை நிரப்பி வைக்கும் எஃகு உருளை) இதற்கு மிகப் பொருத்தம். குழாய் பெட்டியில் சுருளாகவே வருவதால், அதை நேராக்கிவிட்டு மறுபடியும் வளைக்கக் கூடாது. இருக்கும் வளைவையே கெக்கின் மேல் போட்டு, உள்ளங்கையால் அழுத்தியபடி மெதுவாக இறுக்கி வந்தால் போதும். சிக்கல் வருவது சுருளில் அல்ல, அண்டாவின் விளிம்பைத் தாண்டி வெளியே இறங்கும் அந்த இரண்டு வளைவுகளில்தான். அவ்விடத்தில் வெறுங்கையால் வளைத்தால் உட்புறம் மடிப்பு விழுந்து, தண்ணீர் போகும் வழி பாதியாகக் குறைந்துவிடும். ஸ்பிரிங் வடிவத்தில் விற்கும் மலிவான டியூப் பெண்டரைக் குழாயின் மேல் மாட்டி வளையுங்கள். அது கிடைக்காவிட்டால் குழாய்க்குள் பொடி உப்பை இறுக நிரப்பி, இரு முனைகளையும் டேப்பால் அடைத்து வளைத்துவிட்டுப் பிறகு தண்ணீர் விட்டுக் கழுவிவிடலாம். மணலைவிட உப்பு மேல், ஏனென்றால் உள்ளே மிச்சமிருந்தாலும் கரைந்து வந்துவிடும். சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமலிருக்கச் செம்புக் கம்பியால் இரண்டு மூன்று இடங்களில் பின்னிக் கட்டிவிடுங்கள்.

இணைப்புக்குப் பற்றவைக்கும் வேலை வேண்டியதில்லை. 3/8 அங்குல உள்விட்டமுள்ள வினைல் குழாயின் முனையை வெந்நீரில் ஒரு நிமிடம் அமிழ்த்தினால் இளகிவிடும். அதைச் செம்பின் மேல் ஓர் அங்குலத்துக்காவது ஏற்றி, திருகு ஹோஸ் கிளாம்ப் போட்டு முடுக்குங்கள். மறுமுனையில் தோட்டத்து ஹோஸில் பொருந்தும் அடாப்டர். இரண்டு இணைப்புகளும் அண்டாவுக்கு வெளியே, விளிம்புக்குக் கீழே தொங்கும்படி இருக்க வேண்டும் என்பதில் மட்டும் சமரசம் கூடாது. கிளாம்ப் எவ்வளவு நன்றாக முடுக்கப்பட்டிருந்தாலும் என்றாவது ஒரு நாள் ஒரு சொட்டு கசியும். அந்தச் சொட்டு தரையில் விழட்டும், ஆறிவரும் சாற்றுக்குள் விழ வேண்டாம். வெளியேறும் பக்கத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகச் செலவழித்துச் சிலிக்கோன் குழாய் போடுவது நல்லது. முதல் சில நிமிடங்களில் அதன் வழியே வருவது கை வைக்க முடியாத வெந்நீர், அந்தச் சூட்டில் வினைல் இளகி வழுக்கிக்கொண்டு கழன்றுவிடும். குழந்தைகள் ஓடியாடும் பின்புறமென்றால் அந்த முனையை ஒரு வாளியோடு சேர்த்துக் கட்டிவையுங்கள்.

கொதி முடியப் பதினைந்து நிமிடங்கள் இருக்கும்போது சுருளைச் சாற்றுக்குள் இறக்கினால் அதன் கிருமிகளைக் கொதிநிலையே பார்த்துக்கொள்ளும். அடுப்பை அணைத்ததும் தண்ணீரைத் திறந்துவிட்டு, கொதிநீரில் நனைத்தெடுத்த நீளக் கரண்டியால் சாற்றை மெதுவாகக் கிளறிக்கொண்டே இருங்கள், அல்லது சுருளையே கைப்பிடித்து அசைத்துக் கொடுங்கள். பலரும் தவறவிடுவது இதைத்தான். கிளறாமல் விட்டால் குழாயை ஒட்டியிருக்கும் சாறு மட்டும் குளிர்ந்து உறைபோல நின்றுவிடும். இரண்டடி தள்ளி நின்று வெப்பமானியைப் பார்த்தால் முள் அசையவே மாட்டேன் என்கிறதே என்று தோன்றும். 25 அடிக் குழாயும் கிளறும் கையும் சேர்ந்து தரும் வேகத்தை, கிளறாத 50 அடிக் குழாய் தருவதில்லை. சாறு 60 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கியபின் அண்டாவின் வாயைச் சுத்தமான மூடியால் இயன்றவரை மறைத்துக்கொள்ளுங்கள்.

டெக்சாஸ் கோடையில் உங்கள் குழாய்த் தண்ணீரே 30 டிகிரியை நெருங்கும் என்பதால் சாறு அதற்குக் கீழே இறங்காது. அதற்கான வழியைச் சிங்கப்பூர் வாசகருக்கான பதிலில் பாருங்கள்.

லண்டன் வாசகர்: பிரஸ்ஸல்ஸ் நகரின் கான்டியோன் மதுவடிப்பகத்தைச் சுற்றிப் பார்த்தேன். அங்கே கொதித்த சாற்றை அகலமான செம்புத் தொட்டியில் திறந்தபடியே இரவு முழுக்க ஆற விடுகிறார்கள். உலகப்புகழ் பெற்ற பியர் அப்படி உருவாகும்போது நாம் மட்டும் ஏன் அவசரப்பட வேண்டும்?

பதில்: அவர்களுக்கு வேண்டியதே வேறு. காற்றில் மிதந்துவரும் காட்டு ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் சாற்றில் விழ வேண்டும் என்பதற்காகத்தான் அந்தத் தொட்டி திறந்திருக்கிறது. அதுவும் குளிர்ந்த மாதங்களில் மட்டுமே காய்ச்சுகிறார்கள். வெயில் காலத்தில் வேண்டாத கிருமிகள் மிகுந்துவிடும். பிறகு அந்தச் சாறு மரப்பீப்பாய்களில் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை கிடந்து புளிப்பேறி லாம்பிக் என்ற பியர் ஆகிறது. வாங்கி வந்த ஈஸ்ட்டைப் போட்டு மூன்றே வாரத்தில் சாதாரண ஏல் வகைப் பியர் குடிக்க நினைப்பவருக்கு அந்த விருந்தாளிகள் தேவையில்லை. 60 டிகிரிக்குக் கீழே இறங்கிய இனிப்புச் சாறு எந்தக் கிருமிக்கும் நல்ல தீனி, நாம் விரும்பும் ஈஸ்ட் அதில் முந்திக்கொள்ள வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. முளைகட்டிய பார்லியில் இருக்கும் எஸ்-மெத்தில்மெத்தியோனின் என்ற பொருள் சூட்டில் சிதைந்து டைமெத்தில் சல்ஃபைடாக மாறிக்கொண்டே இருக்கும். கொதிக்கும்போது அது ஆவியோடு போய்விடும். அடுப்பை அணைத்தபின் 80 டிகிரிக்கு மேல் சாறு நெடுநேரம் நின்றால் உருவாவது நிற்காது, வெளியேறுவதோ குறைந்துவிடும். விளைவாக பியரில் வேகவைத்த மக்காச்சோளத்தின் வாடை வரும். வெளிர்நிறப் பில்ஸ்னர் மால்ட்டில் இந்தத் தொல்லை அதிகம். சட்டென்று குளிர வைத்தால் புரதங்களும் கட்டிகட்டியாகத் திரண்டு, திரிந்த பால்போல அடியில் இறங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அவை அண்டாவிலேயே தங்கிவிட்டால், பியரைக் குளிர வைக்கும்போது ஏற்படும் கலங்கல் குறையும்.

எடிசன், நியூ ஜெர்சி வாசகர்: செம்புக்குப் பதிலாகத் துருப்பிடிக்காத எஃகுச் சுருளை வாங்கலாமா? எஃகு வெப்பத்தைக் கடத்தாது என்று நண்பர் தடுக்கிறார்.

பதில்: நண்பர் சொல்லும் எண்கள் சரிதான். செம்பின் வெப்பக் கடத்துதிறன் மீட்டருக்கு, கெல்வினுக்கு ஏறக்குறைய 400 வாட். 304 ரக எஃகுக்கு வெறும் 16 தான். ஆனால் அதை வைத்து எஃகுச் சுருள் இருபத்தைந்து மடங்கு மந்தம் என்று முடிவுகட்டினால் தவறாகிவிடும். குழாயின் சுவர் ஒரு மில்லிமீட்டர்கூட இருப்பதில்லை. வெப்பத்தை உண்மையில் தடுத்து நிறுத்துபவை அந்தச் சுவரின் இருபுறமும் அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய திரவப் படலங்கள். எந்த உலோகமானாலும் அவை இருந்தே தீரும். ஆகவே எஃகு செம்பைவிடச் சற்று மெதுவாகத்தான் வேலை செய்யும். கிளறுவதிலும் தண்ணீரின் வேகத்திலும் அக்கறை காட்டினால் அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. விலை குறைவாகக் கிடைத்தால் தாராளமாக வாங்குங்கள். வீட்டில் கையால் சுற்றுவதற்கு மட்டும் எஃகு ஒத்துவராது, அது விறைப்பானது.

சிங்கப்பூர் வாசகர்: எங்கள் அடுக்ககத்தில் குழாய்த் தண்ணீர் ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பாகவே வருகிறது. சில்லரை எவ்வளவு நேரம் ஓட்டினாலும் சாறு 35 டிகிரியில் நின்றுவிடுகிறது. இன்னொரு 25 அடி சேர்த்தால் சரியாகுமா?

பதில்: ஆகாது. எத்தனை அடி சேர்த்தாலும் சாறு தண்ணீரின் வெப்பநிலைக்குக் கீழே போகவே போகாது, அதை நெருங்குவதற்குள்ளேயே வேகம் சுருங்கிவிடும். இரண்டுக்கும் இடையிலான வெப்பநிலை வித்தியாசம்தான் குளிர்ச்சியின் வேகத்தைத் தீர்மானிக்கிறது என்பதால், முதல் நாற்பது டிகிரி சில நிமிடங்களில் இறங்கிவிடும்; கடைசி ஐந்து டிகிரிக்குப் பொறுமை போய்விடும். செம்புக்குச் செலவழிக்க நினைத்த பணத்தில் மீன்தொட்டிக்கு விற்கும் சிறிய நீர்மூழ்கி பம்ப் ஒன்றை வாங்கி, ஐஸ் தண்ணீரைச் சுருளுக்குள் ஓடவிடுங்கள்.

ஐஸ் எவ்வளவு வேண்டும் என்பதைக் கணக்கிட்டே பார்த்துவிடலாம். 20 லிட்டர் சாற்றை 100 டிகிரியிலிருந்து 20 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 6,700 கிலோஜூல் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 334 கிலோஜூலை வாங்கிக்கொள்ளும், உருகிய நீர் 15 டிகிரிவரை சூடாகும்போது மேலும் 63. முழு வேலையையும் ஐஸைக் கொண்டே முடிக்க நினைத்தால் பதினேழு கிலோ வேண்டியிருக்கும். ஆனால் 100 இலிருந்து 35 வரை குழாய்த் தண்ணீரே இறக்கிவிடுகிறதே. மிச்சமுள்ள 15 டிகிரிக்கு 1,250 கிலோஜூல் போதும், அதற்கு மூன்றே கால் கிலோ ஐஸ் போதுமானது. சுற்றுப்புறச் சூட்டில் வீணாவதையும் சேர்த்து ஐந்து கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். 35 டிகிரியில் குழாயை மூடிவிட்டு, ஐஸும் தண்ணீரும் நிரப்பிய வாளிக்குள் பம்ப்பை வைத்துச் சுருளோடு இணையுங்கள். வெளியேறும் தண்ணீர் அதே வாளிக்குத் திரும்பட்டும். தொடக்கத்திலேயே ஐஸைக் கொட்டுபவர்கள் பாதி ஐஸை வீணாக்குகிறார்கள். ஐஸ்கட்டியை நேரடியாகச் சாற்றில் போடும் யோசனையும் வேண்டாம், அது கிருமி நீக்கப்பட்டதல்ல.

இதைவிடச் சுலபமான ஒரு வழியும் இருக்கிறது, உங்கள் ஊருக்கு நான் அதைத்தான் முதலில் சொல்வேன். நார்வேயின் மேற்குப் பகுதிப் பண்ணை வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வந்த க்வைக் என்ற ஈஸ்ட் வகை இப்போது பொட்டலத்திலேயே கிடைக்கிறது. அவற்றுள் வோஸ் வகை 35 முதல் 40 டிகிரி வெப்பத்தில்தான் உற்சாகமாக வேலை செய்கிறது. அதைப் பயன்படுத்தினால் உங்கள் சில்லர் நிற்கும் இடமே ஈஸ்ட் போட வேண்டிய இடம். ஐஸும் வேண்டாம், பம்ப்பும் வேண்டாம்.

டொராண்டோ வாசகர்: புதுச் செம்புச் சுருளை முதல் தடவை பாவித்தபோது மங்கலாக உள்ளே போனது, பளபளவென்று வெளியே வந்தது. அந்த அழுக்கெல்லாம் பியருக்குள் போய்விட்டதா? மாதக்கணக்கில் நிலவறையில் கிடந்ததில் இப்போது சில இடங்களில் பச்சை பூத்திருக்கிறது. மேலும், குளிர்காலத்தில் வெளிக்குழாயை அடைத்துவிடுவதால் தண்ணீருக்கு என்ன செய்வது?

பதில்: மால்ட் சாற்றின் பிஎச் 5.2 அளவில் இருப்பதால் அந்த இலேசான அமிலம் செம்பின் மேலிருந்த ஆக்சைடைக் கரைத்திருக்கிறது. அந்தச் சிறிய அளவால் கெடுதியில்லை. செம்பு ஈஸ்ட்டுக்கு நுண்ணளவில் தேவைப்படும் சத்தும்கூட. ஆனால் புதுக்குழாயில் தயாரிப்பின்போது படிந்த எண்ணெய் இருக்கும் என்பதால், அடுத்தவருக்குச் சொல்லும்போது முதலில் சோப்பு நீரிலும் பிறகு வினிகர் கலந்த வெந்நீரிலும் கழுவிவிடச் சொல்லுங்கள்.

பச்சையாகப் பூத்திருக்கும் களிம்பு விஷயம் வேறு. அது நஞ்சு, அந்தக் களிம்போடு சுருளைச் சாற்றுக்குள் இறக்கவே கூடாது. புளியைக் கரைத்துத் தேய்த்தாலோ தேசிக்காயும் உப்பும் சேர்த்துத் தேய்த்தாலோ போய்விடும். செப்புக்குடம் துலக்கிய வீட்டில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கட்டுக்கம்பி பின்னியிருக்கும் இடுக்குகளைப் பழைய பல்துலக்கியால் தேய்த்து, நன்றாக அலசி, ஈரமில்லாமல் துடைத்து வையுங்கள். உள்ளே தேங்கிய தண்ணீரையும் ஊதி வெளியேற்ற வேண்டும். அது மிச்சமிருந்தால் அடுத்த முறை கொதிக்கும் சாற்றில் இறக்கியதும் ஆவியாகிக் குழாயின் வாயிலிருந்து சீறிக்கொண்டு வரும், எதிரே முகத்தை வைத்திருக்கக் கூடாது.

தண்ணீருக்குத் துணி துவைக்கும் தொட்டியின் குழாயைப் பயன்படுத்துங்கள். பெரும்பாலும் அதன் வாயில் தோட்டத்து ஹோஸுக்கான மரையே இருக்கும். சமையலறைக் குழாயென்றால் சிறிய அடாப்டர் தேவைப்படும். கனடாவின் குளிர்காலத் தண்ணீருக்கு ஐஸே வேண்டாம். சிங்கப்பூர்க்காரர் பொறாமைப்படக் கூடிய தண்ணீர் அது.

மெல்பர்ன் வாசகி: ஐயா, இங்கே பலர் சில்லரே இல்லாமல் கொதிக்கும் சாற்றைப் பிளாஸ்டிக் கேனில் ஊற்றி மூடிவிடுகிறார்கள். இது பாதுகாப்பானதா?

பதில்: அம்மா, நீண்ட வறட்சியும் தண்ணீர்க் கட்டுப்பாடுகளும் உங்கள் நாட்டினருக்குக் கற்றுக்கொடுத்த வழி அது. செலவு என்று பார்த்தால் இதற்கு ஈடு இல்லை. கேன் உணவுக்குரிய எச்டிபிஇ பிளாஸ்டிக் வகையாக இருக்க வேண்டும். சாறு 80 டிகிரிக்கு மேல் இருக்கும்போதே நிரப்பி, பக்கவாட்டில் அழுத்திக் காற்றை வெளியேற்றி மூடியபின், மூடிக்கும் கைப்பிடிக்கும் சூடு படும்படி சற்று நேரம் கேனைச் சாய்த்து வைக்க வேண்டும். சூடு நெடுநேரம் நீடிப்பதால் சாற்றில் போடும் ஹாப்ஸ் பூக்களின் கசப்பும் ஏறிக்கொண்டே போகும். எனவே கடைசியில் போடும் ஹாப்ஸை இருபது நிமிடம் தள்ளிப் போடுவது வழக்கம்.

ஒரு எச்சரிக்கையை மட்டும் விட்டுவிட முடியாது. பொட்டுலிசம் என்ற கொடிய உணவு நஞ்சாதலை உண்டாக்கும் பாக்டீரியாவின் வித்துகள் சாதாரணக் கொதிநிலையில் சாவதில்லை. காற்றில்லாத, பிஎச் 4.6 க்கு மேற்பட்ட திரவம் அவை வளர ஏற்ற இடம், ஈஸ்ட் போடாத சாறு அப்படிப்பட்டதுதான். மறுநாள் ஆறியதும் ஈஸ்ட்டைப் போட்டுவிடுங்கள். அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று கேனை அலமாரியில் சேமித்து வைக்கும் பழக்கத்தை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

கோயம்புத்தூர் வாசகர்: இதையெல்லாம் இங்கே செய்து பார்க்கலாமா?

பதில்: கூடாது. தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937 இன்படி உரிமமின்றி மது தயாரிப்பது குற்றம். அமெரிக்காவில் 1978 இல் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்துக்குப் பிறகு, வயதுவந்த ஒருவர் ஆண்டுக்கு 100 கேலன் வரை சொந்த உபயோகத்துக்கு வரியின்றித் தயாரிக்கலாம் என்று ஆனது. அந்த நாட்டிலேயே மிசிசிப்பியும் அலபாமாவும் 2013 வரை அனுமதிக்கவில்லை.

ஃப்ரெஸ்னோ, கலிஃபோர்னியா வாசகர்: சில்லருக்கு எவ்வளவு தண்ணீர் செலவாகும்? எங்கள் பகுதியில் தண்ணீரை வீணாக்க மனம் வரவில்லை.

பதில்: மேலே சொன்ன 6,700 கிலோஜூலையே எடுத்துக்கொள்ளுங்கள். வெளியேறும் தண்ணீர் சராசரியாக 15 டிகிரி சூடாகிப் போகிறது என்றால் 107 லிட்டர் செலவாகும். குழாயை முழுவதும் திறந்துவிட்டுக் கிளறாமல் நின்றால் தண்ணீர் வெப்பத்தை வாங்காமலேயே ஓடிவிடும், செலவு இருநூறைத் தாண்டினாலும் வியப்பில்லை. வெளியேறும் தண்ணீரை அவ்வப்போது விரல்நுனியால் தொட்டுப் பாருங்கள், முதல் சில நிமிடங்கள் மட்டும் வேண்டாம். சாறு இன்னும் சூடாக இருக்கும்போதே வெளியேறும் தண்ணீர் சில்லென்று வந்தால் குழாயைக் கொஞ்சம் குறைக்கலாம், அல்லது நீங்கள் கிளறுவதை நிறுத்திவிட்டீர்கள் என்று பொருள். முதலில் வரும் இரண்டு வாளி வெந்நீரைத் தனியாகப் பிடித்து அண்டாவையும் நொதிக்கலனையும் கழுவவும், அடுத்து வரும் வெதுவெதுப்பான நீரைத் துணி துவைக்கும் இயந்திரத்துக்கும், ஆறியபின் மிச்சத்தைத் தோட்டத்துக்கும் வைத்துக்கொள்ளலாம். சாறு 40 டிகிரிக்கு வந்ததும் குழாயை மூடிவிட்டு ஐஸ் வாளிக்கும் பம்ப்புக்கும் மாறிவிட்டால், தண்ணீர் அதிகம் செலவாகும் கடைசிப் பகுதியே இல்லாமல் போய்விடும்.